பேண்தகு நகர வடிவமைப்பில் முன்னுரிமைகள்

பேண்தகு நகர வடிவமைப்பில் முன்னுரிமைகள் என்பது, ஒரு நகரப் பகுதியை வடிவமைக்கும்போது ஒன்றோடொன்று போட்டியிடும் நோக்கங்களுள் எதற்கு முதலிடம் அளிப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று வடிவமைப்புத் துறையினர் முடிவு செய்யும் முறைகளைக் குறிக்கும். ஆற்றல் சேமிப்பு, நீர் மேலாண்மை, பசுமைவெளி, போக்குவரத்து, கட்டுமானச் செலவு, வீட்டு விலை, சமூகக் கலப்பு ஆகியவை இந்நோக்கங்களுள் முக்கியமானவை. தனித்தனியாகப் பார்க்கும்போது இவை எல்லாமே விரும்பத்தக்கவை. ஆனால் ஒரே நிலத்தில், ஒரே செலவுத் திட்டத்துக்குள் இவை அனைத்தையும் முழுமையாக அடைவது பெரும்பாலும் இயலாது. எனவே முன்னுரிமை வழங்குதல் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

பின்னணி

1987 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழலுக்கும் வளர்ச்சிக்குமான உலக ஆணையம் வெளியிட்ட அறிக்கை, பேண்தகு வளர்ச்சி என்னும் கருத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஆணையத்தின் தலைவர் குரோ ஹார்லம் புருண்ட்லாண்டின் பெயரால் இது புருண்ட்லாண்ட் அறிக்கை எனவும் அழைக்கப்படுகிறது. வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே இக்கருத்தின் அடிப்படை. 1992 ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடைபெற்ற புவி உச்சி மாநாட்டுக்குப் பின்னர், ஐரோப்பிய நகரங்கள் பல இதனைத் தமது நகரத் திட்டங்களில் சேர்த்துக்கொண்டன. 2015 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட 17 பேண்தகு வளர்ச்சி இலக்குகளுள் 11 ஆவது இலக்கு, நகரங்களைப் பற்றியது.

இவ்வாவணங்கள் நோக்கங்களைக் கூறுகின்றன. நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதும்போது எதைத் தெரிவு செய்வது என்பதை அவை கூறுவதில்லை. அம்முடிவு ஒவ்வொரு திட்டத்திலும் நகராட்சி, நில உரிமையாளர், வடிவமைப்பாளர், குடியிருப்போர் ஆகியோரிடையே எடுக்கப்படுகிறது.

பங்குபெறும் துறையினர்

நகர வடிவமைப்பில் ஈடுபடும் ஒவ்வொரு துறையினரும் தமது பயிற்சிக்கு ஏற்ப வெவ்வேறு விடயங்களை முதன்மைப்படுத்துவது இயல்பு.

- நகரத் திட்டமிடலாளர்: நிலப் பயன்பாடு, அடர்த்தி, போக்குவரத்து இணைப்பு.
- கட்டிடக் கலைஞர்: கட்டிடத்தின் உருவம், பகல் வெளிச்சம், காட்சி, வாழ்வதற்கான வசதி.
- நிலத்தோற்றக் கலைஞர்: மரங்கள், மண், மழைநீர், உயிரினப் பன்மயம்.
- பொறியாளர்: ஆற்றல், குடிநீர், கழிவுநீர், கட்டமைப்பு.
- செலவு மதிப்பீட்டாளர்: கட்டுமானச் செலவு, பராமரிப்புச் செலவு.

ஒருவருக்கு முதன்மையானது மற்றவருக்குத் துணை நோக்கமாகத் தோன்றக்கூடும். இதனால் பல திட்டங்களில் வரைபடம் வரையத் தொடங்குவதற்கு முன்பே எல்லாத் துறையினரும் கூடி நோக்கங்களை வரிசைப்படுத்தும் வழக்கம் உள்ளது.

நோக்கங்களுக்கு இடையிலான முரண்பாடுகள்

அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் இசுக்காட் காம்பெல் 1996 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், திட்டமிடலாளரின் பணியை ஒரு முக்கோணமாக விளக்கினார். பொருளாதார வளர்ச்சி, சூழல் பாதுகாப்பு, சமூக நீதி ஆகியவை அதன் மூன்று முனைகள். ஒவ்வோர் இரு முனைகளுக்கு இடையிலும் ஒரு முரண்பாடு உண்டு.

- சொத்து முரண்பாடு: பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் இடையிலானது. நிலத்தின் மதிப்பு உயரும்போது வாடகையும் உயர்வது இதற்கு எடுத்துக்காட்டு.
- வள முரண்பாடு: பொருளாதார வளர்ச்சிக்கும் சூழல் பாதுகாப்புக்கும் இடையிலானது.
- வளர்ச்சி முரண்பாடு: சமூக நீதிக்கும் சூழல் பாதுகாப்புக்கும் இடையிலானது. சூழலைக் காக்கும் கட்டுப்பாடுகளின் சுமை ஏழைகள் மீது விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது இதன் மையக் கேள்வி.

காம்பெலின் கருத்துப்படி, பேண்தகு வளர்ச்சி முக்கோணத்தின் நடுவில் உள்ளது. அவ்விடத்தை நேராகச் சென்று அடைய முடியாது. மூன்று முரண்பாடுகளையும் எதிர்கொண்டு தீர்ப்பதன் மூலமே அதனை அணுக முடியும்.

சூழல் நோக்கங்களுக்குள்ளேயும் முரண்பாடுகள் உண்டு. அடர்த்தியாகக் கட்டினால் பொதுப் போக்குவரத்து பயனுள்ளதாகும், புறநகர் நிலம் காக்கப்படும். ஆனால் மழைநீர் நிலத்தில் இறங்குவதற்கான இடம் குறையும், உட்புற அறைகளுக்குப் பகல் வெளிச்சமும் குறையும். குளிர் நாடுகளில் வீடுகளைத் தெற்கு நோக்கி அமைத்தால் சூரிய வெப்பம் கிடைக்கும். ஆனால் தெருவின் போக்கு வேறு திசையில் இருந்தால் தெருவை ஒட்டிய தொடர்ச்சியான கட்டிட வரிசை கிடைக்காது. பழைய கட்டிடத்தை இடித்துவிட்டு ஆற்றலைச் சேமிக்கும் புதிய கட்டிடம் எழுப்பினால் பயன்பாட்டுக் காலத்தில் ஆற்றல் மிச்சமாகும். ஆனால் சிமெந்தும் உருக்கும் உற்பத்தி செய்யப்படும்போதே பெருமளவு கார்பன் டைஆக்சைடு வெளியேறிவிடும்.

முடிவுகளின் வரிசையும் மீளாமையும்

எந்த முடிவுக்கு முதலில் கவனம் செலுத்துவது என்பதைத் தீர்மானிக்கப் பயன்படும் அளவுகோல்களுள் ஒன்று மீளாமை ஆகும். ஒரு முடிவைப் பிற்காலத்தில் மாற்றுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு முன்னதாகவும் கவனமாகவும் அதனை எடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். பொதுவாக முடிவுகளைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

1. இடத் தெரிவு. ஈரநிலம், விளைநிலம், வெள்ளம் பாயும் நிலம் ஆகியவற்றில் கட்டியபின் பழைய நிலையை மீட்பது ஏறக்குறைய இயலாதது.
2. தெருக்களும் மனைப் பிரிவும். கட்டிடங்கள் பலமுறை மாறினாலும் தெருக்களின் அமைப்பு நூற்றாண்டுகள் நீடிப்பது உண்டு.
3. பொதுப் போக்குவரத்துக்கான தடம். முதலில் இடம் ஒதுக்காவிட்டால் பின்னர் அதற்கான செலவு பன்மடங்கு ஆகும்.
4. கட்டிடங்களின் உருவம், திசை, சுவர், சாளர அளவு. இவை பல பத்தாண்டுகள் நிலைக்கும்.
5. வெப்பமூட்டும் கருவிகள், சூரிய மின் தகடுகள், கட்டுப்பாட்டுக் கருவிகள். இவை ஏறத்தாழ 15 முதல் 25 ஆண்டுகளில் மாற்றப்படுபவை.

நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாவதும் உண்டு. கருவிகள் கண்ணுக்குத் தெரிபவை, விளம்பரத்துக்கு ஏற்றவை. தெரு அமைப்பும் சாளர அளவும் அத்தகைய கவனத்தைப் பெறுவதில்லை.

எடைபோடும் முறைகள்

கட்டாயத் தேவைகள்

சில நோக்கங்களை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்க முடியாதவை என முதலிலேயே ஒதுக்கிவைப்பது மிக எளிய முறையாகும். வெள்ள அபாயம், மாசடைந்த மண், தீயணைப்பு வழி போன்றவை இதில் அடங்கும். இவற்றை நிறைவு செய்யாத திட்டம், பிறவற்றில் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் ஏற்கப்படுவதில்லை.

எடையிட்ட மதிப்பெண்

ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஓர் எடை வழங்கி, ஒவ்வொரு மாற்றுத் திட்டத்துக்கும் மதிப்பெண் இட்டு, இரண்டையும் பெருக்கிக் கூட்டுவது இம்முறையாகும். எடுத்துக்காட்டாக, அ, ஆ என்னும் இரு திட்டங்கள் 10 க்குப் பின்வரும் மதிப்பெண்கள் பெறுவதாகக் கொள்ளலாம்.

- போக்குவரத்து: அ 8, ஆ 5
- பசுமைவெளி: அ 4, ஆ 8
- செலவு: அ 6, ஆ 7

எடைகள் முறையே 50%, 30%, 20% ஆக இருந்தால் அ 6.4 மதிப்பெண்ணும் ஆ 6.3 மதிப்பெண்ணும் பெறும். அ தெரிவாகும். எடைகளை 40%, 40%, 20% என மாற்றினால் அ 6.0 பெறும், ஆ 6.6 பெறும். ஆ தெரிவாகும். திட்டங்கள் மாறவில்லை. எடை மட்டுமே மாறியது. எனவே எடைகளைத் தீர்மானிப்பவர் யார் என்பது இம்முறையின் முதன்மையான கேள்வியாகும். எடைகளைச் சற்று மாற்றிப் பார்த்து முடிவு நிலைக்கிறதா என ஆராய்வது நல்ல நடைமுறையாகக் கொள்ளப்படுகிறது.

இணை ஒப்பீடு

அமெரிக்கக் கணிதவியலாளர் தாமஸ் சாட்டி 1970 களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறையில், நோக்கங்கள் இரண்டிரண்டாக ஒப்பிடப்படுகின்றன. இவ்விரண்டில் எது எவ்வளவு முக்கியம் என்னும் விடைகளிலிருந்து எடைகள் கணக்கிடப்படுகின்றன. ஒருவர் அளித்த விடைகள் தமக்குள் முரண்படுகின்றனவா என்பதையும் இம்முறை காட்டும். முரண்பாட்டு விகிதம் 0.1 ஐ விடக் கூடினால் ஒப்பீடுகளை மீண்டும் செய்யுமாறு பரிந்துரைக்கப்படுகிறது.

சான்றளிப்பு முறைகள்

நகரப் பகுதிகளை மதிப்பிடும் சான்றளிப்பு முறைகளிலும் முன்னுரிமைகள் பொதிந்துள்ளன. அமெரிக்கப் பசுமைக் கட்டிட அவையின் லீட் முறையில் குடியிருப்புப் பகுதிகளுக்கான 2009 பதிப்பு, மொத்தம் 110 புள்ளிகள் கொண்டது. இடத் தெரிவுக்கும் இணைப்புக்கும் 27, பகுதியின் அமைப்புக்கும் வடிவமைப்புக்கும் 44, பசுமை உள்கட்டமைப்புக்கும் கட்டிடங்களுக்கும் 29 புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 10 புள்ளிகள் புதுமைக்கும் வட்டார முன்னுரிமைக்கும் உரியவை. அதாவது, கட்டிடங்களைவிடத் தெருக்களுக்கும் இடத்துக்கும் இம்முறை கூடுதல் எடை அளித்தது. பொருத்தமற்ற இடத்தை விலக்கும் கட்டாயத் தேவைகளும் இதில் உள்ளன.

பிரித்தானியாவின் பிரீயம் முறையில் சமுதாயங்களுக்கான 2012 பதிப்பு, மதிப்பீட்டை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதற்படியில் திட்டத்தின் அடிப்படைகளும், இரண்டாவதில் நில அமைப்பும், மூன்றாவதில் நுணுக்க வடிவமைப்பும் ஆராயப்படுகின்றன.

எடுத்துக்காட்டு: ஹம்மர்பி சோஸ்டாட்

சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில், ஹம்மர்பி ஏரியைச் சூழ்ந்து அமைந்துள்ள ஹம்மர்பி சோஸ்டாட், முன்னுரிமைகள் எழுத்தில் வரையறுக்கப்பட்டு, பின்னர் விளைவுகளோடு ஒப்பிடப்பட்ட நகரப் பகுதிகளுள் ஒன்று. இது முன்னர் தொழிற்சாலைகளும் துறைமுகப் பட்டறைகளும் இருந்த, மண் மாசடைந்த பகுதி. 2004 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்த ஸ்டாக்ஹோம் விண்ணப்பித்தபோது, இப்பகுதிக்கெனத் தனிச் சூழல் திட்டமொன்று உருவாக்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு ஏதென்சுக்குச் சென்றபோதும் சூழல் திட்டம் கைவிடப்படவில்லை. 1990 களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட பகுதிகளைவிட "இருமடங்கு நல்லது" என்பது அதன் பொது இலக்கு. முழுமையடையும்போது ஏறத்தாழ 11,000 வீடுகள் அமையும் வகையில் இப்பகுதி திட்டமிடப்பட்டது.

முதலிடம் பெற்றவை

நகரின் வெளிப்புறக் காடுகளுக்குப் பதிலாக மாசடைந்த பழைய நிலத்தைத் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துவது முதல் முடிவாக இருந்தது. ஸ்டாக்ஹோமின் உள்நகரைப் போன்ற தெருக்களும் கட்டிடத் தொகுதிகளும் அமைக்கப்பட்டன. ஹம்மர்பி முதன்மைத் தெருவின் நடுவே டிராம் தடம் அமைந்தது. டுவார்பானன் எனப்படும் இவ்வழித்தடம் 2000 ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. பகுதியின் பெரும்பாலான வீடுகள் கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே டிராம் வந்துவிட்டதால், குடியேறியோர் தொடக்கத்திலிருந்தே அதனைப் பயன்படுத்தினர். பயணங்களில் 80% பொதுப் போக்குவரத்து, மிதிவண்டி, நடை ஆகியவற்றால் நடைபெற வேண்டும் என்னும் இலக்கு ஏறத்தாழ எட்டப்பட்டது.

ஆற்றல், நீர், குப்பை ஆகிய மூன்றையும் ஒரே சுழற்சியாக இணைத்த அமைப்பு "ஹம்மர்பி மாதிரி" என அறியப்படுகிறது. எரிக்கத்தக்க குப்பையிலிருந்தும், தூய்மைப்படுத்திய கழிவுநீரில் எஞ்சியிருக்கும் வெப்பத்திலிருந்தும் வீடுகளுக்கு வெப்பம் கிடைக்கிறது. கழிவுநீர்க் கசட்டிலிருந்து உயிர்வாயு பெறப்பட்டு, சுமார் 1,000 வீடுகளின் அடுப்புகளுக்கும் வழங்கப்பட்டது. குப்பை, நிலத்தடிக் குழாய்கள் வழியாகக் காற்றழுத்தத்தால் உறிஞ்சப்படுகிறது. இதனால் குப்பை வண்டிகள் முற்றங்களுக்குள் வரத் தேவையில்லை. ஆற்றல், நீர், கழிவு ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூன்று அமைப்புகளும் தொடக்கத்திலேயே சேர்ந்து திட்டமிட்டமையே இதனை இயல்வதாக்கியது.

பசுமைவெளிக்கும் அளவுகள் வரையறுக்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தது 15 சதுர மீட்டர் முற்றப் பரப்பு இருக்க வேண்டும். வசந்த, இலையுதிர்காலச் சம இரவு நாட்களில் முற்றத்தின் குறைந்தது 15% பரப்பில் நான்கைந்து மணி நேரம் வெயில் விழவேண்டும். நீண்ட குளிர்காலம் கொண்ட நாட்டில் வெயில் ஒரு பொதுச் சொத்தாகக் கருதப்பட்டதை இவ்விதி காட்டுகிறது. அடர்த்தியாகக் கட்டும் விருப்பத்துக்கு இது ஒரு வரம்பாகவும் அமைந்தது.

விட்டுக்கொடுக்கப்பட்டவை

ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 60 கிலோவாட் மணி என்பது கட்டிடங்களுக்கான ஆற்றல் இலக்கு. பல கட்டிடங்களில் பயன்பாடு இதைவிட மிகவும் கூடுதலாக, 100 கிலோவாட் மணியையும் தாண்டியது. இதற்கான காரணங்களுள் பெரிய சாளரங்களும் ஒன்று. ஏரிக்காட்சியே வீடுகளின் முதன்மைக் கவர்ச்சியாக இருந்ததால், ஏரியை நோக்கிய சுவர்களில் பெருமளவு கண்ணாடி இடம்பெற்றது. கண்ணாடி வழியாக வெப்பம் சுவரைவிட வேகமாக வெளியேறும். காட்சி, வெளிச்சம், விற்பனை ஆகியவை ஒரு பக்கமும் ஆற்றல் சேமிப்பு மறுபக்கமும் நின்றபோது, இலக்கு எழுத்தில் இருந்தும் காட்சியே வென்றது.

வாகன நிறுத்திடங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. தொடக்கத்தில் நான்கு வீடுகளுக்கு ஒரு நிறுத்திடம் என்னும் அளவுக்கு அருகிலிருந்த விகிதம், பின்னர் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 0.7 ஆக உயர்த்தப்பட்டது. நீர்ப் பயன்பாட்டை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டராகக் குறைக்கும் இலக்கும் எட்டப்படவில்லை. அது சுமார் 150 லிட்டர் அளவில் நின்றது. எனினும் இது ஸ்டாக்ஹோமில் வழக்கமாக இருந்த 200 லிட்டரைவிடக் குறைவாகும்.

எதிர்பாராதது

பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய மூத்த இணையரே பெரும்பாலும் இங்கு குடியேறுவர் எனத் திட்டமிடலாளர் எதிர்பார்த்தனர். மாறாக, இளம் குடும்பங்கள் பெருமளவில் வந்தன. மழலையர் பள்ளிகளுக்கும் பள்ளிகளுக்கும் பற்றாக்குறை ஏற்பட்டது. சூழல் இலக்குகள் நுணுக்கமாக எண்களில் வரையறுக்கப்பட்ட ஒரு திட்டத்தில், யார் வாழப்போகிறார்கள் என்னும் கேள்வி ஊகத்துக்கு விடப்பட்டிருந்தது.

ஸ்டாக்ஹோம் நகரம் பின்னர் மேற்கொண்ட நோர்ரா யூர்கோர்ட்சுடாடன் திட்டத்தில், ஆற்றல் தேவைகள் கடுமையாக்கப்பட்டன. கட்டிடங்கள் பயன்பாட்டுக்கு வந்தபின் அளந்து தெரிவிக்கும் பொறுப்பும் கட்டுவோர் மீது சுமத்தப்பட்டது.

பிற எடுத்துக்காட்டுகள்

பெட்செட்

இலண்டனின் சட்டன் பகுதியில் கட்டிடக் கலைஞர் பில் டன்ஸ்டர் வடிவமைத்த பெட்செட் குடியிருப்பு 2002 ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. தடித்த காப்புச் சுவர்கள், தெற்கு நோக்கிய கண்ணாடி அறைகள், காற்றால் இயங்கும் வளியூட்டிகள் ஆகியவை இதன் சிறப்புகள். மரத்துண்டுகளை எரித்து மின்சாரமும் வெப்பமும் தரும் ஆலையும், கழிவுநீரை அங்கேயே தூய்மைப்படுத்தும் அமைப்பும் நிறுவப்பட்டன. இவ்விரண்டும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டன. ஆலைக்குப் பதிலாக எரிவாயுக் கொதிகலன்கள் வைக்கப்பட்டன. ஆயினும் 2007 ஆம் ஆண்டு அளவீட்டின்படி, வெப்பத்துக்கான ஆற்றல் பயன்பாடு சட்டன் பகுதியின் சராசரியைவிட ஏறத்தாழ 80% குறைவாக இருந்தது. கருவிகள் பழுதானபோதும் சுவரும் திசையும் தொடர்ந்து பயனளித்தன.

வோபான்

செருமனியின் பிரைபர்க் நகரில் 1992 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையினர் விட்டுச்சென்ற படைமுகாமில் வோபான் குடியிருப்பு அமைந்தது. பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் வாகன நிறுத்திடம் இல்லை. வாகனம் வைத்திருப்போர் பகுதியின் விளிம்பிலுள்ள நிறுத்தகத்தில் இடம் வாங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறுத்திடம் வேண்டும் என்று மாநிலச் சட்டம் கூறியது. வாகனம் இல்லாத குடும்பங்கள் இதற்காக ஒரு சங்கத்தில் சேர்ந்தன. தேவைப்பட்டால் பிற்காலத்தில் நிறுத்தகம் கட்டத்தக்க நிலமொன்றைச் சங்கம் ஒதுக்கிவைத்தது. அதுவரை அந்நிலம் திறந்தவெளியாகவே இருக்கும். ஐயத்துக்குரிய முடிவை மீளத்தக்கதாக வைத்திருப்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. டிராம் 2006 ஆம் ஆண்டில் இங்கு வந்தது.

விமர்சனங்கள்

எண்களால் எடைபோடும் முறைகள், அளக்க எளியவற்றுக்குக் கூடுதல் இடம் தருகின்றன என்பது ஒரு முக்கியமான விமர்சனம். கிலோவாட் மணியை அளப்பது எளிது. ஒரு தெருவில் முதியவர் தனித்து நடமாட முடிகிறதா என்பதை அளப்பது கடினம். புள்ளி முறைகளில், ஒரு துறையில் உள்ள குறையை வேறொரு துறையில் பெற்ற எளிய புள்ளிகளால் ஈடுசெய்ய முடிவதும் குறையாகச் சுட்டப்படுகிறது.

ஹம்மர்பி, வோபான் போன்ற பகுதிகளில் நடுத்தர, உயர் வருவாய்க் குடும்பங்களே பெரும்பாலும் வாழ்கின்றனர் என்பது மற்றொரு விமர்சனம். நல்ல சூழல் வீட்டு விலையை உயர்த்தும்போது, அச்சூழலின் பயனைப் பெறுவோர் யார் என்னும் கேள்வி எழுகிறது. இது காம்பெல் குறிப்பிட்ட சொத்து முரண்பாட்டின் ஒரு வடிவமாகும்.

திட்டம் நிறைவடைந்தபின் அளவீடு செய்யப்படாத இடங்களில், எந்த நோக்கம் உண்மையில் முன்னுரிமை பெற்றது என்பதை அறிய வழியில்லை. ஹம்மர்பியின் குறைகள் வெளிப்படையாக அறியப்பட்டிருப்பதற்குக் காரணம், அங்கு இலக்குகள் எண்களில் எழுதப்பட்டு, பின்னர் அளக்கவும் பட்டமையே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- பேண்தகு வளர்ச்சி
- நகரத் திட்டமிடல்
- நகர வடிவமைப்பு
- பசுமைக் கட்டிடம்
- பொதுப் போக்குவரத்து
- மழைநீர் சேகரிப்பு